இல்லாததை முதலில் அளக்க வேண்டும்

பிப்ரவரி 4

என் பாப்பாவுக்கு அண்ணன் எழுதிக்கறது. நானும் உன் அண்ணியும் சௌக்கியம். எனக்கு முட்டிவலி, அவளுக்கு வாய்வலி. பேசிப் பேசித்தான், வேற ஒண்ணுமில்ல. நீ சௌக்கியமான்னு கேட்கத்தான் வாய் வரல. மாப்பிள்ளை போய் ரெண்டு மாசமாச்சு. சாப்பிட்டியா, தூங்கினியான்னு போன்ல கேட்டா "ம்"ங்கற. அந்த "ம்"முக்கு அர்த்தம் நான் யாருகிட்ட போய்க் கேட்கறது? அதான் கடுதாசி. மூணாங் கிளாஸோட நின்னவன் எழுத்து, கோழி நடந்த மாதிரி இருக்கும். பொறுத்துக்கோ.

மாடி ரூமை உனக்காகக் காலி பண்ணிட்டேன். அதுல ஒரு பழைய நாற்காலி கிடந்துச்சுல்ல, நான் சலூன் வச்சப்ப மொதல்ல வாங்கினது, தள்ளினா கிறுகிறுன்னு சுத்துமே, அதைக் கீழ கடைக்கே இறக்கிட்டேன். கல்யாணத்தன்னிக்குக் காலைல மாப்பிள்ளைக்கு அதுலதான் முடி வெட்டினேன். மண்டை பூரா கரேல்னு இருக்கு, இடது காதுக்குப் பின்னால மட்டும் ஒரு கொத்து நரை. "இந்த இடம் மட்டும் ஏன் மாப்பிள்ளே கிழவனாயிருச்சு?"ன்னேன். "அது மட்டும் எனக்கு முன்னாடியே பொறந்துருச்சு மச்சான்"ன்னார். சிரிச்ச சிரிப்புல கத்தி நழுவப் பாத்துச்சு. பாரு, எங்கயோ ஆரம்பிச்சு எங்கயோ போயிட்டேன்.

சொல்ல வந்தது ரெண்டே விஷயம். பொட்டியைக் கட்டிக்கிட்டு வந்து சேரு. அப்புறம், ஆஸ்பத்திரில திருப்பிக் குடுத்த சாமான்ல வாட்ச் இருந்துச்சு, மூக்குக்கண்ணாடி இருந்துச்சு. கல்யாணத்துல நான் போட்ட மோதிரம் எங்க? கிடைச்சா யார்கிட்டயும் காட்டாதே. கடை கிடைன்னு எடுத்துட்டுப் போகாதே. நேரா எனக்கு அனுப்பு.

அண்ணி கேட்டதாச் சொல்லச் சொன்னா.

அண்ணன்

பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணனுக்கு,

கோழி நன்றாகவே நடந்திருக்கிறது. இருவரும் நலம் என்று படித்ததில் நிம்மதி. நான் நன்றாக இருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

இப்போது வர முடியாது, அண்ணா. அவர் கையால் செய்த கடைசித் தகடு இன்னும் அளக்கப்படாமல் இருக்கிறது. நாங்கள் இங்கே என்ன செய்கிறோம் என்று நீ எப்போதும் கேட்பாய், நானும் "உனக்குப் புரியாது" என்று தட்டிக் கழிப்பேன். இப்போது சொல்கிறேன். ஒரு நீளமான குழாய். அதன் ஒரு முனையில் நியூட்ரான் என்ற பொடித் துகள்களை ஒரே நொடியில் கிளப்பிவிடுவோம். வேகமானவை முதலில் ஓடி வரும், சோம்பேறிகள் கடைசியில் வரும். மறுமுனையில் ஒரு அறை. அதில் ஒரு சட்டம், படச்சட்டம் மாதிரிதான். அதில் யுரேனியம் பூசிய மெல்லிய தகட்டை மாட்டுவோம். வருகிற நியூட்ரானைக் கனமான அணுக்கரு சில சமயம் விழுங்கிவிட்டுச் சும்மா ஒரு மினுக்கு மினுக்கும். சில சமயம் விழுங்கியது தாங்காமல் இரண்டாகப் பிளந்துவிடும். எந்த வேகத்தில் வந்தால் எத்தனையை விழுங்குகிறது, எத்தனைக்குப் பிளக்கிறது என்று எண்ணுவதுதான் எங்கள் வேலை.

அதற்கு முன் சட்டத்தில் ஒன்றுமே மாட்டாமல் ஒரு முறை எண்ண வேண்டும். சுவரிலிருந்தும் காற்றிலிருந்தும் வருவதெல்லாம் அதில் தெரிந்துவிடும். பிறகு அதைக் கழித்துவிடலாம். "இல்லாததை முதல்ல அளக்கணும். அப்பத்தான் இருக்கறது எவ்வளவுன்னு தெரியும்" என்பார் அவர்.

மோதிரம் கிடைக்கவில்லை. பாதி வேலையில் டீ குடிக்க வெளியே போனவர். தெருவைக் கடக்கும்போது லாரி மோதியபோதே விரலில் மோதிரம் இல்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தேன், அது இருந்த இடத்தில் பச்சையாக ஒரு வளையம் மட்டும் இருந்தது. அந்தப் பச்சை அவருக்கு எப்போதும் உண்டு. லேப் மருந்து பட்டது என்பார்.

அண்ணிக்கு என் அன்பு.

பாப்பா

மார்ச் 6

பாப்பாவுக்கு அண்ணன் எழுதிக்கறது. இங்க எல்லாரும் சுகம். முட்டிவலி அப்படியே இருக்கு, அது நம்மளை விட்டு எங்க போகும்?

உன் கடுதாசியை அண்ணிக்குப் படிச்சுக் காட்டினேன். "விழுங்கிட்டுச் சும்மா இருக்கறது நான், விழுங்கிட்டு வெடிக்கறது உங்க அண்ணன்"னு எழுதச் சொன்னா. எழுதிட்டேன்.

வெறும் சட்டம் எனக்கு நல்லாவே புரிஞ்சுது. நம்ம போஸ்ட்மாஸ்டரைத் தெரியும்ல, ரிட்டயர் ஆனவர்? தலையில பொட்டு முடி கிடையாது. மாசம் பொறந்தா மொத ஆளா வந்து உக்காந்துருவார். "வெட்டுப்பா"ம்பார். துண்டைப் போர்த்தி, தண்ணி அடிச்சு, கத்திரியைக் காத்துலயே கால் மணி நேரம் ஓட்டுவேன். அவர் கண்ணை மூடிப்பார். முடிச்சதும் பின்னால கண்ணாடி காட்டணும். "கொஞ்சம் கட்டையா வெட்டிட்ட"ம்பார்! நானும் "அடுத்த தடவை பாத்துக்கறேன் சார்"ம்பேன். காத்துல ஓடுற கத்திரி சத்தம் வேற பாப்பா, முடியில ஓடுற சத்தம் வேற. காத்துல ஓடுனா சிக்கு சிக்குன்னு காலியா இருக்கும். முடின்னா சரக்குனு ஒரு கடி இருக்கும். கண்ணைக் கட்டிவிட்டாக்கூடச் சொல்லிருவேன்.

அந்தப் பச்சையைப் பத்தி யார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காதே. மருந்துன்னா மருந்துதான். அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்.

தகடை அளந்துட்டு சட்டுனு வா.

அண்ணன்

மார்ச் 28

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். முட்டிக்கு ஒத்தடம் கொடுக்கச் சொல்லி அண்ணியிடம் சொல்.

ஒன்று நடந்திருக்கிறது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. வெறும் சட்டத்தை வைத்து எண்ணினேன். கோடு தட்டையாகத்தான் போக வேண்டும். போய்க்கொண்டிருந்தது, திடீரென்று ஓரிடத்தில் மேடு கட்டி ஏறி இறங்கியது. ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு குறிப்பிட்ட வேகம் உண்டு, அந்த வேகத்தில் நியூட்ரான் வந்தால் ஆசையாக விழுங்கும். கைரேகை மாதிரி, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. இந்த மேடு இருந்த இடம் தங்கத்தின் இடம்.

எங்கள் லேப் தலைவி மேடம் வந்து பார்த்தார். "யாரோ தங்கத் துணுக்கை உள்ளே விட்டுட்டு வந்திருக்கீங்க. தேடுங்க" என்றார். சட்டத்தைக் கழற்றித் துடைத்தோம். தரையைப் பெருக்கினோம். ஒன்றும் இல்லை. மறுபடி எண்ணினால் மறுபடி மேடு. கூட வேலை செய்கிறவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் பேசிக்கொள்கிறார்கள். அவர் கடைசியாக இருந்த அறை அதுதான் என்று எல்லோருக்கும் தெரியும்.

எனக்குப் பயமாக இல்லை, அண்ணா. அது நீ போட்ட மோதிரம்தான். அங்கேதான் எங்கேயோ இருக்கிறது. இத்தனை நாளில் நேற்றுதான் வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டதும் அழாமல் இருந்தேன்.

பாப்பா

ஏப்ரல் 5

பாப்பா, கடுதாசி கிடைச்சதும் எழுதறேன். கடையில ஒருத்தருக்குப் பாதி சவரத்துல நிக்குது, சோப்பு காயுதுன்னு கத்தறார்.

அது மோதிரமா இருக்காது. நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன். வேற எதாவது தங்கமா இருக்கும். அத்தனை பேர் வந்து போற இடம், யார் வீட்டுத் தங்கமோ? எப்படித் தெரியும்னு கேட்காதே. இருக்காதுன்னா இருக்காது.

நீ அந்த ரூமுக்குள்ள தனியாப் போறது எனக்குப் பிடிக்கல. அண்ணியும் ராத்திரி பூரா உன் பேரையே சொல்லிக்கிட்டு இருந்தா. தகடும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். கிளம்பி வா.

அண்ணன்

மே 2

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் இருவரின் நலம் அறிய ஆவல். நான் நலம்.

மோதிரம் கிடைத்துவிட்டது! நீதான் தோற்றாய்.

சட்டம் நிற்கிற தாங்கிக்குப் பின்புறம், சுவரைப் பார்த்தபடி ஒரு போல்ட் நீட்டிக்கொண்டிருக்கிறது. மஞ்சள் பெயிண்ட் அடித்த போல்ட். அதில் மாட்டியிருந்தது. மஞ்சளில் மஞ்சள், அதனால் யார் கண்ணிலும் படவில்லை. தகட்டைத் தொடும்போது ரப்பர் உறை போட வேண்டும். மோதிரம் உறையைக் கிழித்துவிடும் என்று சோப்புத் தண்ணீர் விட்டுக் கழற்றுவார். அன்றைக்கும் கழற்றி மாட்டிவிட்டு, திரும்பி வந்து போட்டுக்கொள்ளலாம் என்று டீக்குப் போயிருக்கிறார்.

நான் அதை எடுக்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. அது அங்கேயே இருக்கட்டும். வெறும் சட்டத்தை வைத்துவிட்டு வெளியே வந்து உட்கார்கிறேன். கோடு ஊர்ந்து வருகிறது. அந்த இடம் வந்ததும் ஏறுகிறது. வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்கிற மாதிரி. ஒரு முறை முடிந்ததும் இன்னொரு முறை வைக்கிறேன். "என்னம்மா, காலிச் சட்டத்தையே அளந்துட்டு இருக்கே, தகடு எப்போ?" என்று மேடம் கேட்கிறார். நாளைக்கு என்கிறேன்.

ஊருக்கு வரும் பேச்சை இனி எடுக்காதே, அண்ணா. இங்கே எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

பாப்பா

ஜூலை 1

பாப்பாவுக்கு அண்ணன் எழுதிக்கறது. நாங்க இருக்கோம். நீ எப்படி இருக்கே? மே மாசம் ஒண்ணு போட்டேன், ஜூன்ல ஒண்ணு போட்டேன். பதில் இல்ல. போன் அடிச்சா எடுக்கறதும் இல்ல. உங்க மேடம்தான் ஒரு நாள் எடுத்தாங்க. "உங்க தங்கச்சி காலிச் சட்டத்தைத் தவிர வேற எதையும் தொடறதில்ல, யாரோடயும் பேசறதில்ல, அதுகிட்ட மட்டும்தான் பேசுறாங்க"ன்னாங்க. 

நம்ம போஸ்ட்மாஸ்டர் தவறிட்டார். போன மாசம். நல்ல சாவு, தூக்கத்துலயே. சொல்ல வந்தது அதில்ல. இன்னிக்கு ஒண்ணாந் தேதி. கடையைத் திறந்தேன், நான் பாட்டுக்கு அவர் நாற்காலில துண்டை விரிச்சு, தண்ணி அடிச்சு, கத்திரியைக் கையில எடுத்துட்டேன். "யாருக்குண்ணே வெட்டுறீங்க?"ன்னு டீக்கடைக்காரன் வாசல்ல நின்னு கேட்டப்பத்தான் சுரணை வந்துச்சு. சிரிச்சுச் சமாளிச்சேன். ஆனா பாப்பா, நீ எதுல மாட்டியிருக்கேன்னு அப்ப விளங்குச்சு. பழகின கை நிக்காது. யாராவது கேட்கணும். அதான் கேட்கறேன். யாருக்கு அளந்துட்டு இருக்கே நீ?

அந்த மோதிரத்தை எடுத்து எனக்கு அனுப்பு. அனுப்பலைன்னா கடையைப் பூட்டிட்டு நானே வருவேன். டிக்கெட் எடுக்கத் தெரியாட்டி விசாரிச்சு வருவேன்.

அண்ணன்

ஜூலை 15

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். போஸ்ட்மாஸ்டருக்காக வருத்தப்பட்டேன்.

நீ கேட்டது உறைத்தது. மறுநாளே மோதிரத்தை எடுத்துவிட்டேன். அனுப்புவதற்கு முன் ஒரே ஒரு வேலை செய்தேன். மோதிரத்தைச் சட்டத்தின் நடுவில் நூலில் கட்டி, அதை மட்டும் அளந்தேன். அவருடைய கோடு முழுதாக ஒரு முறை என்னிடம் இருக்கட்டும் என்று ஆசை.

தங்கத்தின் இடத்தில் மேடு வரவில்லை. கோடு தட்டையாகவே போனது. செம்பின் இடத்திலும் வேறு இடங்களிலும் என்னென்னவோ வந்தது. கருவியில் கோளாறாக இருக்கும் என்று நினைத்தேன்.

பிறகு மோதிரத்தைக் கைக்குட்டையில் முடிந்து மேஜை டிராயரில் வைத்துவிட்டு, வெறும் சட்டத்தை வைத்தேன். போல்ட்டிலும் ஒன்றும் இல்லை, சட்டத்திலும் ஒன்றும் இல்லை, அறையில் ஒரு குண்டுமணித் தங்கம் இல்லை. மேடு வந்தது, அண்ணா. முன்னைவிட உயரமாக வந்தது. ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பச் சொல்கிற மனுஷன் மாதிரி, எத்தனை முறை வைத்தாலும் தங்கம், தங்கம், தங்கம்.

இப்போது பயமாக இருக்கிறது.

அந்த மோதிரம் எந்தக் கடையில் வாங்கியது?

பாப்பா

ஆகஸ்ட் 20

பாப்பாவுக்கு அண்ணன் எழுதிக்கறது. நலம், நலமறிய ஆவல்.

எழுதத் தாமசமாயிருச்சு. இங்க மழையான மழை. பக்கத்து வீட்டுக்காரி நம்ம கொடியில அவ துணியைக் காயப் போட்டுட்டா. அண்ணி சும்மா இருப்பாளா? ஒரு வாரம் தெருவே அவங்க சண்டையைத்தான் கேட்டுச்சு. அப்புறம் ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து டீ குடிக்கறாங்க, நான்தான் அசடு மாதிரி நடுவுல. கடைக் கண்ணாடிக்கு ரசம் போயிருச்சு, மாத்தணும். குழாய்ல தண்ணி செம்மண்ணா வருது.

மழைன்னதும் உன் கல்யாண வருஷம் ஞாபகம் வருது. அந்த வருஷமும் இப்படித்தான் கொட்டுச்சு. கடைக் கூரை இறங்கி, ஆறு மாசம் மரத்தடியில நாற்காலி போட்டு வெட்டினேன். மழை வந்தா அதுவும் இல்ல. எப்படி ஓட்டினோம்னு எனக்கும் அண்ணிக்கும்தான் தெரியும். ஆனா கல்யாணத்துல உனக்கு ஒரு குறையும் வைக்கல. வச்சேனா பாப்பா?

கடைப் பேர் ஞாபகமில்ல.

மாப்பிள்ளை ஒரு தடவை இங்க வந்து முடி வெட்டிக்க உக்காந்தார். நீ உள்ள அண்ணியோட பேசிட்டு இருந்தே. அவர் மோதிரத்தைக் கழட்டி, விரலைத் துடைச்சு, மறுபடி மாட்டிக்கிட்டார். நான் கண்ணாடியில பாத்துட்டேன். நான் பாக்கறதை அவரும் கண்ணாடியில பாத்துட்டார். என் கத்திரி நின்னு போச்சு. உலோகத்தோடயே பொழங்கற மனுஷன் அவர். ஒண்ணுமே கேட்கல. சிரிச்சார். "நல்ல மோதிரம் மச்சான். யாரு கேட்டாலும் சொக்கத் தங்கம்னுதான் சொல்லுவேன். செத்தாலும் அதான் சொல்லுவேன்"னார்.

இதை எதுக்கு எழுதறேன்னு தெரியல. மழையில எதெதோ ஞாபகம் வருது.

அண்ணன்

செப்டம்பர் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். இந்த முறை நிஜமாகவே நலம்.

உன் கடிதத்தை லேப் வாசல் படியில் உட்கார்ந்து படித்தேன். கல்யாணத்தில் நீ ஒரு குறையும் வைக்கவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

படித்து முடித்ததும் எழுந்து உள்ளே போனேன். நியூட்ரானை நிறுத்தியிருந்தார்கள். நல்ல பகல், மற்றவர்கள் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். கடைசி அறையில் சட்டம் மட்டும் நின்றது. வழக்கத்தைவிடக் குளிர். அதன் முன்னால் நின்று, வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினேன். "எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்க. யார் கேட்டாலும் தங்கம்னு இனிமே நான் சொல்லிக்கறேன். நீங்க இத்தனை நாள் சொன்னது போதும்." சட்டம் லேசாக ஆடியது. கதவைத் திறந்து வைத்ததால் வந்த காற்றாக இருக்கலாம்.

வெளியே வந்து எண்ண வைத்தேன். கோடு ஊர்ந்து வந்தது. அந்த இடம் வந்தது. தட்டையாகக் கடந்து போனது. மறுபடி வைத்தேன். வெறும் சட்டம், வெறும் சட்டமாக இருந்தது. மேடம் ஓடி வந்து, "என்ன பண்ணே?" என்றார். "தூசி தட்டினேன்" என்றேன்.

பிறகு அவருடைய தகட்டை மாட்டினேன். எத்தனை விழுங்கியது, எத்தனைக்குப் பிளந்தது, எல்லாம் எண்ணியாயிற்று. வெறும் சட்டத்தைக் கழித்தும் ஆயிற்று. கழிக்கும்போது மட்டும் கை கொஞ்ச நேரம் நின்றது.

இம்மாதக் கடைசியில் கிளம்புகிறேன். மோதிரத்தை அனுப்பவில்லை. நூல் சுற்றி என் விரலில் போட்டிருக்கிறேன். இப்போதே லேசாகப் பச்சை பிடிக்கிறது. லேப் மருந்து என்று சொல்லிக்கொள்வேன்.

பாப்பா

செப்டம்பர் 14

பாப்பா,

கடுதாசி வந்துச்சு. மூணு தடவை படிச்சேன். அண்ணிக்குப் படிச்சுக் காட்டல.

அடுத்த நாள் காலைல கடையைத் திறந்தேன். எப்பவும் போலத் தரையைக் கூட்டி, தண்ணி தெளிச்சுத் துடைச்சேன். இன்னும் யாரும் வரல. திரும்பினா அந்தப் பழைய நாற்காலி என்னைப் பாத்து நிக்குது. ராத்திரி அதைக் கண்ணாடியைப் பாத்த மாதிரித்தான் திருப்பி வச்சுட்டுப் போனேன்.

துண்டை உதறி விரிச்சேன். தண்ணி அடிச்சேன். கத்திரியை எடுத்துக் காத்துல ஓட்டினேன். ஓட்டிக்கிட்டே மாப்பிள்ளைகிட்ட சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இத்தனை வருஷமா சொல்லாம வச்சிருந்தது. என்னன்னு உனக்குத் தெரியும்.

பாதியில சத்தம் மாறுச்சு பாப்பா.

கண்ணாடியைப் பாக்கல நான். கையை நிறுத்தவும் இல்ல. காது ஓரம் எடுத்து, கழுத்து ஒதுக்கி, முழுசா முடிச்சுட்டுத்தான் நின்னேன். துண்டைத் தட்டினேன். துடைச்ச தரையில முடி விழுந்துச்சு. கரேல்னு முடி. நடுவுல ஒரு கொத்து மட்டும் நரை.

கூட்டி எறியல. காகிதத்துல மடிச்சு, கண்ணாடிக்குப் பின்னால வச்சிருக்கேன். வா. வந்து பாரு.

அளக்க மட்டும் வேண்டாம்.

அண்ணன்